தொண்ணூற்றொன்பதை நம்பாத பர்சென்ட் அக்கா

இராமநாதபுரம் சீமையிலேயே கம்ப்யூட்டரைப் பார்த்து, "நீ பொய் சொல்லுறே" என்று முகத்துக்கு நேரே சொன்ன ஒரே ஆள் எங்கள் பர்சென்ட் அக்காதான். அவருடைய சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலுக்கு மட்டும்தான் தெரியும்.

விவசாயிகளுக்கு நிலப் பதிவு நகல் அடித்துக் கொடுக்கும் ஆபீஸ் எங்களுடையது. நான் கவுண்டரில் இருந்தேன். உள்ளே டேட்டாபேஸ் அக்காவின் பொறுப்பு. கேட்ட விவரம் மெமரியில் தயாராக இருந்தால் 'ஹிட்', டிஸ்க்குக்குப் போய் எடுத்து வந்தால் 'மிஸ்'. நூற்றுக்கு எத்தனை ஹிட் என்று தினமும் நோட்டில் எழுதுவார்.

அதோடு நிறுத்தியிருந்தால் பரவாயில்லை. டீக்கடையிலும் அதே கணக்குதான். "கேட்டதும் வடை தட்டுல இருந்தா ஹிட்டு. மாவை எடுத்தா மிஸ்ஸு. உங்க கடை அறுபது பர்சென்ட் அண்ணே" என்றார். கடைக்காரர் பயந்துபோய் மறுநாள் ஊருக்கே ஆகிற அளவுக்கு வடை சுட்டுக் குவித்தார். என்னிடம் ஏதாவது கேட்டு நான் ஃபைலைப் புரட்டினால், "தம்பி, நீங்க முப்பத்தஞ்சு" என்பார். என் கல்யாண நாளைக் கேட்டார், யோசித்தேன். முப்பத்துநாலு ஆகிவிட்டது.

அது பயிர்க் காப்பீட்டுக்கு மனுக் கொடுக்கக் கடைசி வாரம். கடலாடி, அபிராமம் பக்கத்து விவசாயிகளெல்லாம் நகலுக்கு வந்து நின்றார்கள். ஒரு நகலுக்கே கம்ப்யூட்டர் கால் மணி நேரம் யோசித்தது. வரிசை வாசலைத் தாண்டி ரோட்டுக்குப் போனது. தேதி தவறினால் அந்த வருஷ வெள்ளாமைக்குக் காப்பீடே கிடையாது.

சென்னையிலிருந்து ஒரு நிபுணரை வரவழைத்தார்கள். அவர் திரையைப் பார்த்தார். "ஹிட் தொண்ணூற்றொன்பது பர்சென்ட் இருக்கே. டேட்டாபேஸ்ல ஒரு குறையும் இல்ல. மெஷின்தான் பழசு. புதுசு வர ரெண்டு மாசம் ஆகும்."

ஆபீசர் தலையாட்டினார். அக்கா ஆட்டவில்லை. திரைக்கு முன்னால் குனிந்து, "நீ பொய் சொல்லுறே" என்று சொன்னது அப்போதுதான். நிபுணர் தன்னைச் சொன்னதாக நினைத்து எழுந்துவிட்டார்.

"உங்களச் சொல்லல சார், உக்காருங்க. தொண்ணூத்தொம்பதுங்கறது சரிதான். ஆனா ஒரு நகலுக்கு எத்தன தடவ மெமரியக் கேக்குதுன்னு பாத்தீங்களா?"

பார்த்தார்கள். ஒரே ஒரு சர்வே நம்பரை எடுக்க, தாலுகாவின் அத்தனை நிலங்களையும் முதலிலிருந்து கடைசிவரை புரட்டிக்கொண்டிருந்தது கம்ப்யூட்டர். எல்லாம் மெமரியிலேயே இருந்ததால் அத்தனை வீண் புரட்டலும் ஹிட் கணக்கில் சேர்ந்தது.

"வீண் வேலைக்கு மார்க்கு வாங்கிட்டிருக்கு சார்" என்றார் அக்கா.

கிராமத்துக்கும் சர்வே நம்பருக்கும் சேர்த்து ஒரு இண்டெக்ஸ் போட்டார். புத்தகத்தில் பக்க எண் பார்த்துத் திறக்கிற மாதிரி, இனி நேராக அந்த நிலத்துக்கே போய்விடும். கேட்டு முடிப்பதற்குள் நகல் வந்து விழுந்தது. ஹிட் மட்டும் எண்பத்தெட்டுக்கு இறங்கிவிட்டது.

நிபுணர் பதறினார். "குறைஞ்சிருச்சேம்மா."

"கொறையட்டும் சார். வீண் ஹிட்டெல்லாம் போயிருச்சு. டிஸ்க்குக்குப் போறது முன்ன இருந்த அளவுதான், கூடல. நீங்க வரிசையப் பாருங்க."

மறுநாள் அந்த வரிசையில் அக்காவின் அய்யா நின்றார். கடலாடிப் பக்கம் விவசாயம். நான் ஓடிப்போய், "உள்ள வாங்கய்யா, அக்காட்ட சொல்லுறேன்" என்றேன்.

"வேணாம் தம்பி. இங்கனயே நிக்கிறேன். முன்னால வந்தா அவ சத்தம் போடுவா."

ஐந்து நிமிஷத்தில் அவர் முறை வந்தது. நகலை வாங்கினார். அதையும் கடிகாரத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"எம் மக ஆபீஸ்ல என்னத்தையோ எண்ணிக்கிட்டே இருக்கான்னு சொல்லுவாக. அது இதுக்குத்தானா?"

"இதுக்குத்தான்யா."

அவர் நகலை மடிக்காமல் அப்படியே தூக்கிப் பிடித்து, பின்னால் நின்ற முன்பின் தெரியாத ஆளிடம், "எம் மக செஞ்சது" என்றார்.

அன்று சாயங்காலம்வரை நகல் வாங்கிய ஒவ்வொருவரிடமும், யாரும் கேட்காமலேயே நானும் சொல்லிக்கொண்டிருந்தேன், "எங்க அக்கா செஞ்சதுங்க."