மூன்றாவது கால்

"ங்ங்ங்ங்ங்..."

பாட்டு வருவதற்கு முன்னால் அந்த உறுமல்தான் வந்தது. பல் டாக்டர் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்.

பன்னிரண்டு வருஷம் ஆசைப்பட்டு வாங்கிய ஆம்ப்ளிஃபையர். திங்கட்கிழமை காலை வரை தேனாகப் பாடியது. நாலு நாளாக இந்தக் கூத்து.

"மாப்பிள்ளை, கிளினிக்ல மிஷினை நிறுத்தாம வந்துட்டீங்களா?" என்றார் சோபாவில் இருந்த மாமனார். தொழிற்சாலை ஒன்றில் ஸ்டோர்கீப்பராக இருந்து ரிடையரானவர். மாமியாரோடு பத்து நாள் தங்க வந்த வீட்டில் ஒரு ஆணிகூடச் சும்மா இருந்தால் அவருக்குப் பொறுக்காது. "வீணா இடத்தை அடைக்குது. பழைய சாமான்காரரை ஆறு மணிக்கு வரச் சொல்லியிருக்கேன்."

"மாமா!"

"அப்பா சொல்றதும் சரிதாங்க," என்றாள் மனைவி. "தலை வலிக்குது. ஆறு மணிக்குள்ள சத்தம் நிக்கணும். இல்லைன்னா பொட்டி போகணும்."

மணி மூன்று.

டாக்டர் வயர்களைப் பிரித்தார், மாற்றினார், முறுக்கினார். உறுமல் ஒரு சுதி ஏறியது. பிளக்கைப் பிடுங்கிப் பார்த்தார். இரண்டு கால் ஒல்லி; மூன்றாவது கால் தடி. இருபது வருஷத் தொழில் அனுபவம் பேசியது: தொல்லை கொடுப்பதைப் பிடுங்கு!

பல் பிடுங்கும் குறடால் ஒரே இழுப்பு. மூன்றாவது கால் கையோடு வந்தது. பிளக்கைச் செருகினார். நிசப்தம்!

"எப்படி?" என்று காலரைத் தூக்கிவிட்டு வால்யூம் குமிழைத் தொட்டார்.

"ஆ!"

"என்னாச்சு?"

"கடிச்சிடுச்சு!"

"பல் டாக்டரையேவா?" என்று மாமனார் விழுந்து விழுந்து சிரித்தார்.

அசருவாரா டாக்டர்? கிளினிக் ரப்பர் கையுறையை மாட்டினார். பெட்டியின் முதுகிலிருந்து ஒரு வயரை இழுத்து, பாத்ரூம் குழாயில் சுற்றிக் கட்டினார். கரண்ட் தண்ணீரோடு போய்விடும் என்பது கணக்கு.

போகவில்லை. ஐந்து மணிக்கு முகம் கழுவப் போன மாமனார் குழாயைத் திறந்தார். அடுத்த நொடி சோப்பு நுரையோடு கூடத்தில் நின்றார்.

"குழாய் கடிக்குது! கொலை பண்ணப் பார்க்கறாரு உன் புருஷன்!"

மனைவி போனை எடுத்து எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டாள்.

வந்தவர் முதல் வேலையாக மெயினை அணைத்தார். பிடுங்கிய காலைக் கையில் எடுத்துப் பார்த்தார்.

"யார் பண்ணின வேலை?"

டாக்டர் கையுறையோடு கை தூக்கினார்.

"நல்லாயிருக்கு டாக்டர். மூணாவது கால் என்ன அழகுக்கா வச்சிருக்கு? கசியற கரண்டு மண்ணுக்குப் போற வழி அதுதான். அதைப் புடுங்கிட்டு, குழாய்க்கு வேற வயர் கொடுத்திருக்கீங்க. உயிரோட இருக்கறது உங்க அதிர்ஷ்டம்."

"கேட்டீங்களா மாப்பிள்ளை?" என்றார் மாமனார்.

டாக்டரின் முகம் சுருங்கியது. வாசலில் பழைய சாமான்காரரின் மணி ஒலித்தது.

எலெக்ட்ரீஷியன் மீட்டரை வைத்து ஒவ்வொரு பிளக் பாயிண்டாகச் சோதித்தார். நெற்றியைச் சுருக்கினார். "ஒரு நிமிஷம். பொட்டி மேல தப்பே இல்லையே! வீடு முழுக்க எர்த் இல்லை. அதான் உறுமியிருக்கு. இது உறுமலைன்னா, யாராவது ஒருத்தர் ஈரக் கையோட ஹீட்டரைத் தொட்டப்பறம்தான் நமக்குத் தெரிஞ்சிருக்கும்."

"அப்போ என் பொட்டி..." என்றார் டாக்டர்.

"உங்க குடும்பத்தையே காப்பாத்தியிருக்கு சார்!"

மனைவி வாசலுக்குப் போய்ப் பழைய சாமான்காரரைத் திருப்பி அனுப்பினாள். திரும்பி வரும்போது முந்தானையால் ஆம்ப்ளிஃபையரின் தூசியைத் துடைத்தாள். எர்த் கம்பியைப் பார்க்க, டாக்டர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு எல்லோருக்கும் முன்னால் கொல்லைப்புறத்துக்கு நடந்தார்.

சுவரோரம் நீளமாக ஓடி மண்ணுக்குள் இறங்க வேண்டிய எர்த் கம்பி, இடுப்பு உயரத்தில் வெட்டப்பட்டு மொட்டையாக நின்றது.

"எந்த மடையன் பண்ணின வேலை இது?" மாமனார் எகிறினார். "மனுஷ உயிரோட விளையாடறதா? ஆளைக் காட்டுங்க, நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி கேக்கறேன்!"

ஈரப் போர்வையை உதறிக் காயப்போட்டுக்கொண்டிருந்த மாமியார் திரும்பிப் பார்த்தார்.

"நல்லாக் கேளுங்க. மண்ணுக்குள்ள வீணாப் போகுதுன்னு திங்கக்கிழமை நீங்கதானே அதை வெட்டி, எனக்கு இந்தக் கொடியைக் கட்டிக் கொடுத்தீங்க!"