பாவுக்குப் போன பாயசம்

கேள்வி கேட்க வெட்கப்படுகிறவன் எந்தத் தொழிலும் தொடங்கக் கூடாது. நான் தொடங்கினேன்.

யுத்த காலம். கப்பல் ஓடாததால் எங்கள் ராசிபுரம் பக்கத்து நிலக்கடலை விலை விழுந்தது. கப்பலில் வந்த ஜவ்வரிசியும் நின்றது. அப்பா துணிந்து இரண்டு ஏக்கரிலும் குச்சிக்கிழங்கு நட்டார் (மரவள்ளியை நாங்கள் அப்படித்தான் சொல்வோம்).

"சேலத்துல கெழங்கு மாவுலயே ஜவ்வரிசி பண்றாங்களாம். பாத்துட்டு வா சாமி. இது போணியாகலீன்னா எருதுகள வித்துப்போட வேண்டியதுதான்."

போனேன். துருவிய கிழங்கைப் பிழிந்து பால் எடுத்தார்கள். அடியில் படிந்த மாவைத் துணித்தூளியில் போட்டு ஆட்டினார்கள். முத்து முத்தாக உருண்டது. அதைக் கொல்லைப்புறம் கொண்டுபோனார்கள். அங்கே ஏழெட்டுப் பெண்களின் சிரிப்புச் சத்தம். (எனக்கு வயது இருபது. புலிக்கூண்டு என்றால்கூட எட்டிப் பார்த்திருப்பேன்.) காயவைக்கிறார்கள் என்று நானே முடிவுசெய்து பஸ் ஏறிவிட்டேன்.

கிழங்கு விளைந்ததும் ஒரு மாதம் குடும்பமே உழைத்து ஆறு மூட்டை காயவைத்தோம். சேலத்து மளிகை வியாபாரி ராவுத்தர் நேரில் வந்தார். சமைத்துப் பார்த்துத்தான் வாங்குவேன் என்றார். அண்ணி பாயசத்துக்கு அடுப்பு மூட்டினார்.

"முத்து ஒண்ணொண்ணும் தனித்தனியா நிக்குமுங்க. எம் பையன் பக்குவம்!" என்று வாசலில் அப்பா அளந்துகொண்டிருந்தார்.

உள்ளேயிருந்து அண்ணி, "கொழுந்தனாரே, ஓடியாங்க! ஜவ்வரிசியக் காணோம்!"

"போட்டீங்களா?"

"இந்தக் கையாலதானுங்க போட்டேன்!"

எட்டிப் பார்த்தேன். பாத்திரத்தில் ஒரு முத்து இல்லை. வெள்ளைப் பசை ஒன்று பொளக் பொளக்கென்று மூச்சு விட்டது. என் மூச்சு நின்றுவிட்டது.

வேறு வழியில்லை, கொண்டுபோய் வைத்தோம். ராவுத்தர் தம்ளரைச் சாய்த்தார். வரவில்லை. கவிழ்த்தார். அப்போதும் வரவில்லை.

"தம்பி, இத வறுத்தியா?"

"வறுக்கணுமுங்களா?"

"கொல்லையில சட்டி வச்சுப் பொம்பளைங்க வறுப்பாங்களே, பாக்கலியா?"

அப்பா என் பக்கம் திரும்பினார். அந்தப் பார்வைக்கு அந்த ஆறு மூட்டைக்குள்ளேயே புதைந்துபோயிருக்கலாம்.

ராவுத்தர் பசையை விரலில் தொட்டு இழுத்துப் பார்த்தார். "குமாரபாளையத்துல பாவு நூலுக்குக் கஞ்சி போட மாவு கெடைக்காம தறிக்காரங்க தவிக்கிறாங்க. வண்டியில ஏத்துங்க."

எருதுகள் தப்பின. அடுத்த முறை, வறுப்பதைப் பார்த்துவரச் சேலத்துக்கு அப்பா அண்ணியை அனுப்பினார். நான் துணைக்குப் போனேன்.

இன்றைக்கும் நான் மொடமொடவென்று புதுவேட்டி கட்டி வெளியே வந்தால், அண்ணன் மகள் விடமாட்டாள்: "சித்தப்பா, அது எட்டு முழப் பாயசமுங்களா?"