கறிக்கடைக்காரரின் பத்தியம்

"ஏங்க, நீங்களே கறி சாப்பிடறதை விட்டுட்டீங்களாமே? அப்ப நாங்க மட்டும் எதுக்குச் சாப்பிடணும்?"

பையை மடித்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அந்த அம்மாள் போயே விட்டார். கறிக்கடைக்காரர் கத்தியும் கையுமாக நின்றார்.

அவர் விடவில்லை, குறைத்தார், அவ்வளவுதான். எதிர்க்கடைத் தையல்காரருக்கும் இவர் வயதுதான். மெஷினில் உட்கார்ந்தபடியே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டார். "எல்லாம் கொழுப்பு அடைப்புதான்" என்று துக்க வீட்டில் யாரோ சொன்னார்கள். அந்த நிமிஷமே இவருக்கு உயிர்ப்பயம் பிடித்துக்கொண்டது. வேளை தவறாமல் கறி தின்றவர், இனி புதனும் ஞாயிறும் மட்டும் என்று முடிவு செய்தார்.

செத்தவர்மேல் இவருக்குச் சின்ன மனத்தாங்கலும் உண்டு. எதிரிலேயே இருந்துகொண்டு ஒரு நாள்கூட இவரிடம் வாங்கியதில்லை. வேறு எந்தக் கடையிலோ வாங்கித் தின்றிருக்கிறார். இந்தப் பக்கத்து ஜன்னலைக்கூடச் சாத்தியேதான் வைத்திருப்பார், அவ்வளவு கர்வம்.

இவர் செய்த தப்பு, விஷயத்தை முடிதிருத்துபவரிடம் சொன்னது. தலையைக் கொடுத்தவர் வாயைச் சும்மா வைத்திருக்கக் கூடாதா?

"விடலைங்க, குறைச்சிருக்கேன்! புதனும் ஞாயிறும் சாப்பிடறேன்!" என்று வந்தவர் போனவரிடமெல்லாம் விளக்கினார்.

"ஓ, அன்னைக்குத்தான் சரக்கு நல்லாயிருக்குமா?"

அதோடு தெருவே புதனுக்கும் ஞாயிறுக்கும் மாறிவிட்டது. அந்த நாட்களில் எலும்புகூட மிஞ்சவில்லை. மற்ற நாட்களில் ஈ ஓட்டினார். விற்காததை வீசவா முடியும்? வீட்டுக்குத்தான் போனது.

"இன்னைக்கும் கறியா?" என்றார் தட்டைப் பார்த்து.

"கொண்டு வந்தது யாரு, நானா?" என்றாள் மனைவி.

ஆக, புதனும் ஞாயிறும் வெறும் காய். மற்ற நாளெல்லாம் கறி. பெல்ட்டில் புதிதாக ஓட்டை போட வேண்டியிருந்தது. வியாபாரமும் போய், உயிரும் போகப்போகிறது என்று மனிதர் உள்ளுக்குள் அழுதார். படியேறினால் மூச்சு வாங்கும். உடனே தையல்காரர் ஞாபகம் வரும்.

ஒரு செவ்வாய்க்கிழமை, ஆளில்லாத கடையில் தையல்காரரின் மனைவி வந்து நின்றார். வாங்க வந்தது அதுதான் முதல் தடவை. கறிக்கடைக்காரர் கத்தியைக் கீழே வைத்தார்.

"வேண்டாம்மா. அவருக்கு நடந்ததைப் பார்த்துத்தானே நானே குறைச்சேன்? பிள்ளைங்களுக்காவது அளவாக் குடுங்க. அவரை மாதிரி ஆயிடக் கூடாது."

அந்த அம்மாள் அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"அவர் உயிரோட இருந்தவரைக்கும் முட்டையைக்கூடத் தொட்டதில்லைண்ணே, உங்க கடை வாடை தாங்காமத்தான் அந்த ஜன்னலையே திறக்கலை."