மாமனார் காரை நான் விற்ற லட்சணம்

கொங்கு நாட்டில் பெண் எடுத்தவனுக்கு ஓர் ஆபத்து உண்டு. மாமியார் வீட்டில் அவன் என்ன உளறினாலும் யாரும் மறுத்துப் பேச மாட்டார்கள். நான் சென்னைக்காரன். எங்கள் வீட்டில் நான் வாயைத் திறப்பதற்குள் "சும்மா இருடா" என்பார்கள். கோயம்புத்தூரில் கல்யாணமான பிறகோ, நான் எதைச் சொன்னாலும் "சரிங்க மாப்பிள்ளை" என்றார்கள். கேட்டுக் கேட்டு, நான் விவரமானவன் என்று நானே நம்பிவிட்டேன். மாமனாரின் காரை விற்கக் கிளம்பியது அந்தத் தைரியத்தில்தான்.

மாமனார் காலமாகி ஒரு வருடம் ஆகியிருந்தது. சிங்காநல்லூர் வீட்டைக் காலி செய்து, மாமியாரை சரவணம்பட்டியில் எங்கள் ஃபிளாட்டுக்கு அழைத்துவர ஏற்பாடு. பாத்திரங்கள் வந்தன, தையல் மெஷின் வந்தது. கார் மட்டும் வர முடியவில்லை. க்ரீம் கலர் அம்பாசடர், பழைய மாடல். எங்கள் குடியிருப்பில் அதை நிறுத்த இடம் கிடையாது. என் மனைவி கவிதா, கார் பேச்சை எடுத்தாலே அடுப்படிக்குப் போய்விடுவாள். மாமியார் சாயங்காலமானால் முந்தானையால் அதன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருப்பார்.

"வித்துடலாமா அத்தை?" என்றேன்.

"மாப்பிள்ளை சொன்னாச் சரிங்க."

அன்றே இணையத்தில் விளம்பரம் எழுதினேன். 'ஒரே கை வண்டி. ஒரிஜினல் பெட்ரோல் எஞ்சின். பூப்போல ஓடும்.' (அதை நான் ஒருநாளும் ஓட்டியதில்லை. பூ எப்படி ஓடும் என்பதும் தெரியாது.) கவிதாவை அழவைக்க வேண்டாமென்று அவளிடம் காட்டவில்லை. மாமியாருக்கு மட்டும் கணீரென்று வாசித்துக் காட்டினேன்.

"அது வந்துங்க..." என்று இழுத்தார்.

"ஏதாவது தப்பா அத்தை?"

"இல்லீங்க. நல்லா எழுதியிருக்கீங்க."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ராஜகோபால் என்பவர் வந்தார். பழைய மில் குடும்பம். பழைய கார்களைத் தேடிப்பிடித்து வாங்குபவர். பெண் பார்க்க வந்தவர்போல மொடமொடவென்று வெள்ளைச் சட்டை. நான் அவருக்கு அம்பாசடரின் மகிமையைப் பற்றி ஒரு சொற்பொழிவு நிகழ்த்தினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஸ்டார்ட் பண்ணுங்க, சத்தத்தைக் கேட்டுப்போடலாம்" என்று காரின் பின்னால் போய்க் கண்ணை மூடி நின்றார், கச்சேரி கேட்பவர்போல.

பாட்டரி மட்டும் புதிதாகப் போட்டிருந்தேன். கிளப்பிப் பார்த்திருக்கவில்லை. சாவியைத் திருப்பினேன்.

தடதடதடவென்று ஷெட்டின் தகரமே அதிர்ந்தது. எதிர்வீட்டு நாய் குரைத்தது. கரும்புகை கிளம்பி மெல்ல விலகியபோது, ராஜகோபாலின் சட்டை வெள்ளையாக இல்லை.

"ஏனுங்க, பெட்ரோல்னு போட்டிருந்தீங்க. இது உழவுக்குப் போற வண்டியாட்டக் கத்துதுங்களே?"

"ரொம்ப நாளா ஓட்டலை சார். சளி கட்டியிருக்கும்."

(இன்றும் இந்தப் பதிலை நினைத்தால் படுக்கையில் புரண்டு படுக்கிறேன்.)

அவர் பானெட்டைத் திறக்கச் சொன்னார். நான் எதையோ இழுத்தேன், வைப்பர் ஆடியது. கடைசியில் அவரே திறந்து நெடுநேரம் குனிந்து பார்த்தார். "இது ஏதோ டாக்ஸியில இருந்து கழட்டுன டீசல் எஞ்சினுங்க."

மாமியார் பக்கம் திரும்பினேன். "ஆமாங்க, மாத்தி ரொம்ப வருசமாச்சுங்க" என்றார்.

"அத்தை! சொல்லியிருக்கலாமே!"

"நீங்க அவ்வளவு ஆசையா எழுதியிருந்தீங்க. எப்படிங்க சொல்றது?"

அப்போதுதான் விஷயம் வெளியே வந்தது. உடுமலைப்பேட்டை பக்கம் மாமனாரின் தங்கை ருக்மணிக்குத் தென்னந்தோப்பு. ஒரு கடும் வறட்சியில் கரண்டும் இல்லாமல் மரங்கள் வாட, மாமனார் தன் கார் எஞ்சினையே கழற்றிக் கொண்டுபோய்க் கிணற்றுமேட்டில் வைத்துத் தண்ணீர் இறைத்துக் கொடுத்திருக்கிறார். காருக்கு, உக்கடத்தில் பழைய சாமான் விற்கும் பாய் ஒருவரிடம் இந்த டீசலை வாங்கிப் போட்டுக்கொண்டார்.

ராஜகோபாலின் முகம் மலர்ந்தது. "அந்த எஞ்சின் இருந்தா இப்பவே வாங்கிக்கறனுங்க. போலாமா?"

அவரே ஓட்ட, மாமியார், கவிதா, நான் எல்லோரும் அந்தத் தடதடப்பிலேயே உடுமலை போனோம். வழியெல்லாம் கவிதா, அப்பா உட்காரும் சீட்டையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

ருக்மணி அம்மாள் எங்களைக் கிணற்றுமேட்டுக்கு அழைத்துப் போனார். தகரக் கூரையின் கீழ் எஞ்சின் எண்ணெய் போட்டுத் துடைத்துப் பளபளவென்று இருந்தது. பக்கத்திலேயே கரண்ட் மோட்டார்.

"மோட்டார் இருக்கே, இது எதுக்கும்மா? குடுத்துடலாமே?" என்றேன், வியாபாரியின் குரலில்.

அவர் அந்தப் பழைய எஞ்சினை ஓடவிட்டார். மெத்தென்று, ஒரே சீராக ஒரு சத்தம் தோப்புக்குள் பரவியது. ராஜகோபாலும் நானும் எஞ்சினைப் பார்த்தோம். மாமியாரும் கவிதாவும் பார்க்கவில்லை. இருவரும் ஒரே நேரத்தில் கேட் பக்கம் திரும்பியிருந்தார்கள். மாமியார் முந்தானையைத் தோளில் இழுத்துச் சரிசெய்துகொண்டு இரண்டடிகூட எடுத்து வைத்துவிட்டார். பிறகு நின்றார்.

"இது கார்ல இருந்த காலத்துல அண்ணன் சனிக்கிழமை வாரப்ப, அந்த வளைவுலயே இந்தச் சத்தம் கேக்குங்க கண்ணு" என்றார் ருக்மணி அம்மாள். "உடனே காப்பிக்கு வெச்சுருவேன். இப்பவும் சில நாளைக்கு மனசு தாங்காது. இத ஓட்டி உட்டுப்போட்டு, போய்க் காப்பி வெப்பேன்."

எனக்கு வியாபாரக் குரல் வரவில்லை. ராஜகோபால் எஞ்சின்மேல் வைத்திருந்த கையை எடுத்துவிட்டு, "எனக்கும் ஒரு காப்பி குடுங்கம்மா" என்றார்.

காப்பி குடிக்கும்போது ருக்மணி அம்மாள் தயங்கித் தயங்கிக் கேட்டார். "காரையும் இங்கயே உட்டுட்டுப் போறீங்களாங்க? ஒண்ணா இருக்கட்டும்."

நான் பதில் யோசிப்பதற்குள் கவிதா ராஜகோபாலிடமிருந்து சாவியை வாங்கி அத்தையின் கையில் வைத்துவிட்டாள். அந்த நாளில் முதன்முறையாக என்னைப் பார்த்துச் சிரித்தாள், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

கோயம்புத்தூருக்கு பஸ்ஸில் திரும்பினோம். ராஜகோபால் கரிச்சட்டையோடு, மடியில் இரண்டு இளநீரை வைத்துக்கொண்டு, கடைசி சீட்டில் குலுங்கியபடி வந்தார்.

இப்போது சனிக்கிழமை சாயங்காலங்களில் மாமியார் பால்கனியில் போனைக் காதில் வைத்துக்கொண்டு, ஒன்றும் பேசாமல் உட்கார்ந்திருப்பார். மறுமுனையில் ருக்மணி அம்மாள் போனை எதன் பக்கத்தில் பிடித்துக்கொண்டிருக்கிறார் என்று நாங்கள் கேட்பதில்லை.

விசேஷ வீடுகளில் என்னை அறிமுகம் செய்வதற்கு என் பெயர் தேவைப்படுவதில்லை. "கார் விக்கப் போயி, காரையும் சும்மா குடுத்துப்போட்டு, வாங்க வந்தவரையும் பஸ்ஸேத்திக் கூட்டிட்டு வந்தாரே, அந்த மாப்பிள்ளைங்க!" பந்தியே சிரிக்கும்.

"அப்படிச் சொல்லாதீங்க, பாவம். எங்க மாப்பிள்ளை நல்லாத்தான் வித்தாரு" என்று மாமியார் மட்டும் எனக்காகப் பேசுவார். பேசி முடித்ததும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, எல்லோரையும்விட அதிகமாகக் குலுங்கிக் குலுங்கிச் சிரிப்பார்.