உதிரி வெடி அமெரிக்கா

சிவகாசி
12.9.1961

அன்புள்ள ஞானஜோதி அக்காவுக்கு,

தங்கை இன்பம் எழுதுவது. கர்த்தர் கிருபையால் இன்று காலை பத்தரை மணி வரை நான் நலம். விருதுநகரில் நீயும் அத்தானும் குழந்தை யோபுவும் இப்போதும் நலம் என்று நம்புகிறேன். மீதியை ஆஸ்பத்திரியில் டூட்டி நேரத்தில் படிக்காதே.

என் வேலை போய்விட்டது அக்கா. "ஆசிரியையின் குரல் மூன்றாம் பெஞ்சைத் தாண்டவில்லை" என்று போன முறை இன்ஸ்பெக்டர் எழுதிவிட்டுப் போனது உனக்குத் தெரியும். இந்த முறையும் தாண்டாவிட்டால் வேலை நிரந்தரமாகாது. இன்று அவர் நேரே கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டார். பாடம், முதல் உலகப் போரின் காரணங்கள். பன்னிரண்டு காரணங்களை ஒரு வாரமாக மனப்பாடம் செய்திருந்தேன். "1914இல் போர் வெடித்தது" என்று ஆரம்பித்தேன். முன் பெஞ்சு வெள்ளைத்தாய் எழுந்துவிட்டாள். அவள் அப்பா நாரணாபுரம் வெடிக் கம்பெனியில் சரம் பின்னுகிறவர்.

"பத்த வச்சது யாரு டீச்சர்?"

இளவரசரைச் சுட்டதையும், ஆஸ்திரியா செர்பியாமேல் பாய்ந்ததையும், ரஷ்யா, ஜெர்மனி, பிரான்சு என்று ஆளுக்கொரு பக்கம் சேர்ந்ததையும் சொன்னேன்.

"அப்ப சரவெடின்னு சொல்லுங்க! எல்லாத்தையும் ஒரே திரியில கோத்துட்டு, ஒண்ணை மட்டும் பத்த வச்சா மிச்சம் சும்மா இருக்குமா?"

என் பன்னிரண்டு காரணங்களும் அங்கேயே முடிந்தன. பின்னாலிருந்து இன்ஸ்பெக்டர் வெள்ளைத்தாயையே கேட்டார்: "அமெரிக்கா நடுநிலை நாடாச்சே. அது ஏம்மா மூணு வருஷம் கழிச்சு வந்துச்சு?"

"அது உதிரி வெடி சார். திரியில கோக்கல, ஓரமாக் கெடந்துச்சு. அவுக கப்பல ஜெர்மனிக்காரன் கடல்ல முக்கவும் பொறி விழுந்துட்டு."

"உதிரியாவது வெடிக்கிறதாவது!" என்றாள் பக்கத்து இருளம்மாள்.

"ஏட்டி, பொறி விழுந்தா வெடிக்காம கொஞ்சுமா?"

தங்கையின் காதுகுத்துக்கென்று வெள்ளைத்தாயின் பையில் ஒரு சரம் இருந்தது. பார்த்துவிடலாம் என்று இன்ஸ்பெக்டரே சொல்லிவிட்டார். மைதானத்தில் சரத்தைப் போட்டு, ஓரடி தள்ளி ஒரு உதிரியையும் வைத்தார்கள். ஐரோப்பா முழுவதும் படபடவென்று வெடித்துத் தீர்ந்தது. அமெரிக்கா அசையவில்லை.

"பாத்தியா, வரல!" என்று இருளம்மாள் குதித்தாள். இன்ஸ்பெக்டர் குடையை ஊன்றிக் குனிந்து பார்த்தார். உதிரியிலிருந்து நூல்போல ஒரு புகை கிளம்பியதை நான் பார்த்துவிட்டேன். அதுவரை என் தொண்டையில் இருந்ததே தெரியாத ஒரு குரல் வந்தது.

"சார்! தள்ளுங்க! அமெரிக்கா வருது!"

அவர் ஒரே தாவலில் நீளத் தாண்டல் மணலில் போய் விழுந்தார். அமெரிக்கா குடையில் ஓட்டை போட்டது. எதிர் அச்சாபீஸ் ஆட்கள் மை படிந்த கையோடு வாசலுக்கு ஓடி வந்தார்கள். அவர் மணலைத் தட்டிக்கொண்டு, ஓட்டைக் குடையோடு நேரே தலைமையாசிரியை அறைக்குள் போய்விட்டார்.

டிரங்குப் பெட்டியைக் கட்டிவிட்டேன். சனிக்கிழமை ரயிலுக்கு வருகிறேன். அப்பா சொன்ன மிளகாய் மண்டி மாப்பிள்ளைக்குச் சம்மதம் என்று சொல்லிவிடு. தும்மிக்கொண்டே குடித்தனம் நடத்திக்கொள்கிறேன். அத்தானுக்கு வணக்கம், யோபுவுக்கு முத்தம். கர்த்தர் உங்கள் மூவரையும், முடிந்தால் என்னையும் காக்கட்டும்.

அன்புத் தங்கை,
இன்பம்

பி.கு.: இப்போதுதான் தலைமையாசிரியை குறிப்பேட்டைக் காட்டினார். "ஆசிரியையின் குரல் எதிர் அச்சாபீஸ் வரை கேட்கிறது. நிரந்தரமாக்கலாம்." வேறு தாள் இல்லாததால் கடிதத்தைத் திருப்பி எழுதவில்லை, மேலே உள்ளதை நீ படிக்காததாக வைத்துக்கொள். மிளகாய் மண்டி விஷயத்தில் நான் உதிரி. பொறி எதுவும் இந்தப் பக்கம் விழாமல் பார்த்துக்கொள்.