வெள்ளிக்கிழமைக்குக் கூலி இல்லை

ஆம்பூர்த் தோல் கம்பெனியில் வாரச் சம்பளத்தை நிறுத்தி நாள்கூலி ஆக்கினார்கள். வெள்ளிக்கிழமை லீவு. லீவுக்குக் கூலி கிடையாது. எல்லாரும் முணுமுணுத்தார்கள். துரைசாமி மட்டும், 'அடடா, இந்த யோசனை நமக்குத் தோணாமப் போச்சே' என்று மூக்கின்மேல் விரல் வைத்தான்.

வீட்டுச் செலவுக்கு மனைவி மீனாம்பாளிடம் அவன் வாரம் இரண்டு ரூபாய் கொடுப்பது வழக்கம். அதாவது முப்பத்திரண்டு அணா. அதையே நாளுக்கு ஐந்தணா என்று மாற்றி, வெள்ளிக்கிழமையைக் கழித்துவிட்டால் முப்பதணா. இரண்டணா மிச்சம்! வெள்ளிக்கிழமை நாடகக் கொட்டகையில் பெஞ்சு டிக்கெட்டும் அதே இரண்டணா. மூன்று மாதமாகத் தட்டிக்கு வெளியே நின்று பாட்டை மட்டும் கேட்ட வயிற்றெரிச்சல் அவனுக்கு.

"மீனா, இனிமே வாரக்கணக்கு கிடையாது. நாளுக்கு அஞ்சணா."

"ஜாஸ்தியா இருக்கே! இன்னாங்க திடீர்னு?"

"பாவம், நீயும் கஷ்டப்படறே இல்ல?"

"வெள்ளிக்கிழமைக்கு?"

"கம்பெனியே லீவு. அதுக்கு இல்ல."

மீனாம்பாள் விரல் மடித்துப் பார்த்தாள். "சரிங்க" என்றாள். அவ்வளவு சுலபமாகச் சரி சொன்னபோதே அவன் பயந்திருக்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை வந்தது. காலையில் கஞ்சி இல்லை. மத்தியானம் போய்ப் பார்த்தால் அடுப்பில் பூனை படுத்திருந்தது.

"ஏ மீனா, சோறு?"

"இன்னைக்கு லீவுங்க." பாயில் படுத்தபடியே சொன்னாள். "கூலி இல்லாத நாள்ல வேல செஞ்சா கம்பெனி கெட்டுப்போயிடும்."

மடியில் இரண்டணா கனத்தது. கடையில் சாப்பிட்டால் நாடகம் இல்லை. நாடகம் பார்த்தால் முதல் பாட்டிலேயே மயக்கம். நாலு மணிக்கு அவன் வயிற்றுக்குள்ளேயே மத்தளம் கேட்டது.

"பழையபடி வாரக்கணக்கே வெச்சுக்கலாம்டி."

"வெச்சுக்கலாமே. வர்ற வாரத்துக்கு நாளுக்கு அஞ்சணா, ஏழு நாளைக்கு முப்பத்தஞ்சு. ரெண்டு ரூபா மூணணா எடுங்க."

"அநியாயம்! வாரத்துக்கு ரெண்டு ரூபாதானே?"

"அது பழைய ரேட்டு. அஞ்சணான்னு புது ரேட்டு போட்டது நானா?"

துரைசாமி எண்ணி வைத்தான். நாடகத்துக்கு முடிந்து வைத்த இரண்டணாவும் அதோடு போயிற்று.

சுவருக்கு அந்தப் பக்கமிருந்து, அடுத்த வீட்டு குர்ஷித் பீவி குரல் கொடுத்தாள்:

"மீனா! உன் வூட்டுக்காரர் ஒத்துக்கிட்டாரா இல்லியா? காலையில எங்க அடுப்புல நீ வெச்ச கத்தரிக்காக் கொழம்பு ஆறியே போச்சு!"