பேலன்ஸ் ஆகாத இரும்பு

மூலக்கூறார் என்று ஓர் இனம் உண்டு. பார்த்திருப்பீர்கள். படத்தில் நாயகன் மாடியிலிருந்து குதித்தால், "முட்டி பேந்திருக்குமே!" என்று பக்கத்து சீட்டுக்காரரின் முட்டியைத் தட்டிக் காட்டுவாரே, அவரேதான்.

நம் மூலக்கூறார் பெயிண்ட் கம்பெனி ஆய்வகத்தில் இருக்கிறார். வெளியூரில் வேலை பார்க்கும் மகள் ஞாயிறுதோறும் அவரோடு கணினியில் ஒரு விளையாட்டு ஆடுவாள். காட்டில் மாட்டிக்கொண்டவர்கள் குளிர்காலத்துக்குள் குடிசை, கோடரி, அடுப்பு எல்லாம் செய்து உயிர் பிழைக்க வேண்டும். போனில் "சாப்டியா, சாப்டேன்" என்று முடிந்துபோகிற பேச்சு அதில் மட்டும்தான் நீளும். வாரம் முழுக்க அவர் அதற்காகத்தான் காத்திருந்தார்.

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தாரா? அதெப்படி!

விளையாட்டின் உலையில் மூன்று இரும்புத்தாதுக் கல்லைப் போட்டால் 'டிங்' என்று ஓர் இரும்புத் துண்டு விழும். அவருக்குப் பொறுக்குமா?

"ஏம்மா, கரி போடாம எப்படி இரும்பு வரும்? கல்லுல இருந்த ஆக்சிஜன் எங்க போச்சு? பேலன்ஸ் ஆகலையே!"

"கேமுக்கு இதான்ப்பா பேலன்ஸ். ரொம்பக் கஷ்டமும் இருக்கக் கூடாது, ரொம்ப ஈஸியாவும் இருக்கக் கூடாது."

"பேலன்ஸ்னா ரெண்டு பக்கமும் அணு சமமா இருக்கணும்மா!"

இரும்போடு விட்டாரா? சோப்பு, உப்பு, வெடிமருந்து என்று ஒன்றையும் விடவில்லை. மகள் "அடுத்த வாரம் பாக்கலாம்ப்பா" என்று நழுவ ஆரம்பித்தாள். அவருக்கு உறைக்கவில்லை. விளையாட்டு மட்டமாக இருப்பதால்தான் பிள்ளைக்குச் சலித்துவிட்டது என்று தாமாகவே முடிவு கட்டி, விதிகளைத் திருத்தும் வசதியைத் தேடிப்பிடித்து, அடுப்புக்கரி, காற்று ஊதும் துருத்தி, சரியான சூடு என்று சகலத்தையும் உள்ளே நுழைத்துவிட்டு, "இப்ப வந்து பாரு!" என்று கூப்பிட்டார்.

வந்தாள், பாவம். இரும்புக்குத் துருத்தி வேண்டும். துருத்திக்குத் தோல், தோலுக்கு மான், மானுக்கு அம்பு, அம்புக்கு? இரும்பு! குளிர்காலம் வந்தது. அப்பாவும் மகளும் பற்றாத உலைக்குப் பக்கத்தில் விறைத்துச் செத்தார்கள்.

"கெமிஸ்ட்ரி கரெக்டா இருக்குப்பா," என்றாள் மகள். "நாமதான் இல்ல. வைக்கிறேன்."

துணி மடித்துக்கொண்டிருந்த மனைவி நிமிர்ந்தார். "என்னங்க, அவ இரும்பு செய்யவா வந்தா? உங்ககூடப் பேச வந்தா."

மனிதர் ஆடிப்போனார். இரண்டு ஞாயிறு மகள் வரவில்லை. வீடு வெறிச்சென்று இருந்தது. திருத்தியதையெல்லாம் ஒவ்வொன்றாக அழித்துவிட்டு, கெஞ்சாத குறையாக அவளைக் கூப்பிட்டார். மகள் கொஞ்ச நேரம் கழித்து வந்தாள்; மூன்று கல்லை உலையில் போட்டாள். 'டிங்.'

மூலக்கூறார் வாயைத் திறந்தார். மூடினார். மறுபடி திறந்தார்.

"சூப்பரா வந்திருக்கும்மா."

அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம் கேட்டது. அப்புறம் ஆபீஸ் கதை, அறைத்தோழி கதை, வீட்டு நினைப்பில் அழுத கதை என்று அவள் பேசிக்கொண்டே போனாள். அவர் தண்ணீரை எடுத்து மடமடவென்று குடித்தார். பாசத்தாலா, கணக்கில் வராத ஆக்சிஜனாலா என்று என்னைக் கேட்காதீர்கள்.

நீங்கள் அப்படிப்பட்ட ஆள் இல்லை, தெரியும். ஆனால் சற்றுமுன், "மானை அடிக்கக் கல்முனை அம்பு போதுமே" என்று முணுமுணுத்தீர்களே, அது என் காதில் விழுந்தது. உங்களிடம் யார் கடைசியாக "அடுத்த வாரம் பாக்கலாம்" என்றார்கள்? முதலில் அவர்களுக்கு ஒரு போன் போடுங்கள்.